20 விக்கெட்டை யார் எடுப்பது? டெஸ்ட் அணியைத் தேர்வு செய்யும் கணக்கு

தீபாவளிக்கோ சித்திரைப் புத்தாண்டுக்கோ தோட்டத்து மைதானத்தில் நடக்கும் மென்பந்துப் போட்டிக்கு அணி பிரிப்பது பெரிய வேலை இல்லை. ஐந்து, ஆறு ஓவர் ஆட்டம். நன்றாக அடிக்கிறவர்களை முதலில் பிடித்துப் போட்டுவிடுவார்கள். வேகமாகப் போடுகிற இரண்டு பேர் இருந்தால் சரி. மிச்ச ஓவரை யார் கையில் கொடுத்தாலும் எப்படியோ போட்டு முடித்துவிடுவார். மலையகத்தில் பெரும்பாலானவர்கள் கிரிக்கெட் ஆடியது இப்படித்தான். கடினப்பந்தும் வலைப்பயிற்சியும் கண்டி போன்ற நகரத்துப் பெரிய பாடசாலைகளோடு நின்றுவிடுகின்றன. அந்தப் பழக்கத்தோடு டெஸ்ட் அணியைப் பார்க்கும்போது, "ஏன் இன்னொரு துடுப்பாட்ட வீரரைப் போடவில்லை?" என்ற கேள்விதான் முதலில் வரும். கண்டிக்குப் பக்கத்துப் பல்லேகல மைதானத்தில் டெஸ்ட் நடக்கும்போதெல்லாம் ஹட்டனிலிருந்து கண்டி போகிற பஸ்ஸில் இந்த வாக்குவாதத்தைக் கேட்கலாம்.

ஒருநாள் போட்டியிலும் டி20யிலும் எதிரணியின் இன்னிங்ஸ் தானாகவே முடிந்துவிடுகிறது. 50 ஓவர் ஆனதும் முடிவு, 20 ஓவர் ஆனதும் முடிவு. ஒரு விக்கெட் கூட எடுக்காமல், ஓட்டத்தைக் கட்டுப்படுத்தியே வெல்லலாம். டெஸ்டில் அப்படி ஒரு மணி அடிப்பதில்லை. எதிரணி தானாக இன்னிங்ஸை நிறுத்திக்கொண்டால் தவிர, ஜெயிக்க வேண்டுமென்றால் இரண்டு இன்னிங்ஸிலும் பத்துப் பத்தாக 20 விக்கெட்டையும் எடுத்தே ஆகவேண்டும். 600, 700 என்று ஓட்டம் குவித்தாலும் அந்த 20 வரவில்லை என்றால் ஐந்தாம் நாள் மாலை இரு அணியும் கைகுலுக்கிவிட்டுப் போகவேண்டியதுதான்.

பல்லேகலயே இதற்குச் சாட்சி. 2021 ஏப்ரலில் பங்களாதேஷுக்கு எதிராக இலங்கை அங்கே 8 விக்கெட்டுக்கு 648 ஓட்டம் எடுத்தது. திமுத் கருணாரத்ன 244, தனஞ்சய டி சில்வா 166. ஆனால் அதற்கு முன்னர் பங்களாதேஷும் 7 விக்கெட்டுக்கு 541 எடுத்திருந்தது. யாருக்கும் வெற்றி இல்லை. 2015இல் நடந்தது இதைவிட மோசம். பாகிஸ்தானுக்கு 377 ஓட்டங்கள் இலக்கு வைத்தோம். நான்காவது இன்னிங்ஸில் அது மலை மாதிரி இலக்கு. யூனிஸ் கான் ஆட்டமிழக்காமல் 171, ஷான் மசூத் 125, பாகிஸ்தான் 3 விக்கெட்டை மட்டும் இழந்து 382. அன்று இலங்கையிடம் இல்லாமல் போனது இன்னும் 7 விக்கெட். ஏழாவது துடுப்பாட்ட வீரர் ஒருவர் அந்த அணியில் இருந்திருந்தால் இலக்கு 30, 40 ஓட்டம் கூடியிருக்கும், அவ்வளவுதான். யூனிஸ் கானை அவர் ஆட்டமிழக்கச் செய்திருக்க மாட்டார்.

அதனால் டெஸ்ட் அணியை எழுதும்போது முதலில் எழுதவேண்டியது பந்துவீச்சாளர்களின் பெயர். இந்த ஆடுகளத்தில், இந்த எதிரணியிடம் 20 விக்கெட்டை யார் யார் எடுக்கப் போகிறார்கள்? அதற்கு எத்தனை பேர் வேண்டும்? அந்தப் பதில் வந்த பிறகுதான் மிச்ச இடங்கள் துடுப்பாட்டத்துக்கு. இது என் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்களும் உண்டு, அவர்களின் நியாயத்துக்குப் பின்னர் வருகிறேன்.

நான்கா, ஐந்தா?

வழக்கமான அமைப்பு இதுதான்: 6 துடுப்பாட்ட வீரர்கள், 1 விக்கெட் காப்பாளர், 4 பந்துவீச்சாளர்கள். இதில் ஒரு துடுப்பாட்ட வீரரைக் குறைத்துப் பந்துவீச்சாளரைக் கூட்டினால் 5, 1, 5. சண்டை எல்லாம் இந்த ஒரே ஒரு இடத்துக்குத்தான். ஆறாவது துடுப்பாட்ட வீரரா, ஐந்தாவது பந்துவீச்சாளரா?

ஒரு நாளைக்கு 90 ஓவர் வீசவேண்டும். நான்கு பேர் என்றால் ஆளுக்கு 22, 23 ஓவர். எதிரணி ஒன்றரை நாள் நின்று ஆடினால் ஒவ்வொருவரும் 34 ஓவருக்குப் பக்கத்தில் வீசியிருப்பார்கள். வேகப்பந்து வீச்சாளருக்கு இது கொடுமை. 80 ஓவர் முடிந்ததும் புதுப் பந்து எடுக்கலாம், ஆனால் பந்து புதிதாக இருந்து தோள் பழசாகிவிட்டால் என்ன பயன்? ஐந்து பேர் இருந்தால் அதே வேலை ஆளுக்கு 27 ஓவராகக் குறையும். ஐந்தாவது ஆளின் பெறுமதியை அவர் எடுத்த விக்கெட்டை மட்டும் பார்த்து அளக்கக் கூடாது. மற்ற நால்வரும் இரண்டாம் நாள் பின்னேரம் எந்த வேகத்தில் ஓடி வருகிறார்கள் என்பதும் அவர் கணக்கில்தான் சேரும்.

எண்ணில் போட்டுப் பார்ப்போம். இவை விளங்குவதற்காக நானே வைத்த எண்கள். ஆறாம் இடத்து வீரரின் சராசரி 35. அவரை எடுத்துவிட்டுச் சராசரி 15 உள்ள பந்துவீச்சாளரைப் போட்டால் ஒரு இன்னிங்ஸுக்கு 20 ஓட்டம் நட்டம். இரண்டு இன்னிங்ஸுக்கு 40. இழப்பு இவ்வளவுதான். ஆறாவது ஆளைப் பற்றிப் பேசும்போது நம் மனதில் அவர் போன வருடம் அடித்த சதம்தான் ஓடுகிறது. அவர் 4 ஓட்டத்தோடு திரும்பிய நாட்கள் ஓடுவதில்லை. இப்போது மறுபக்கம். புதிதாக வந்த பந்துவீச்சாளர் ஒரு விக்கெட்டுக்கு 30 ஓட்டம் கொடுப்பவர். அவர் இல்லாவிட்டால் அந்த ஓவர்களை எப்போதாவது பந்துவீசும் ஒருவர் விக்கெட்டுக்கு 50 ஓட்டம் கொடுத்து வீசியிருப்பார். ஆட்டத்தில் புதியவருக்கு 3 விக்கெட் கிடைத்தாலே 60 ஓட்டம் மிச்சம். 40 போய் 60 வருகிறது. லாபம்.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையோடுதான் சரி வரும். ஐந்தாவது ஆள் உண்மையிலேயே விக்கெட் எடுக்கக் கூடியவராக இருக்கவேண்டும், அணித்தலைவர் அவரிடம் பந்தைக் கொடுக்கவும் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஒரு துடுப்பாட்ட வீரரை வீணாக வெளியே உட்கார வைத்த கதையாகிவிடும். முதல் நால்வரும் அசுரர்களாக இருந்தால் ஐந்தாவது ஆளே தேவையில்லை. 1980களின் மேற்கிந்தியத் தீவுகள் அணி மார்ஷல், ஹோல்டிங், கார்னர், ரொபர்ட்ஸ் என்று நான்கு வேகப்பந்து வீச்சாளர்களோடு உலகத்தையே ஆட்டிப் படைத்தது. ஆறு துடுப்பாட்ட வீரர்கள், விக்கெட் காப்பாளர் ஜெஃப் டூஜோன், நான்கு வேகம். முடிந்தது வேலை. பின்னர் வோர்ன், மெக்ரா காலத்து அவுஸ்திரேலியாவும் கிட்டத்தட்ட அதே அமைப்புத்தான்.

முரளி இருந்தபோது

இங்கேதான் எதிர்க்கட்சியின் நியாயம் வருகிறது. "நீங்கள் சொல்வது போல இல்லையே, இலங்கை எத்தனையோ வருடம் துடுப்பாட்டத்தை நிறைத்து வைத்துக்கொண்டே ஜெயித்ததே?" என்று கேட்பார்கள். உண்மைதான். அதற்குக் காரணம் கண்டியில் பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர்.

முத்தையா முரளிதரனின் 800 விக்கெட் எல்லோருக்கும் தெரியும். அணித் தேர்வைப் புரிந்துகொள்ள அதைவிட உதவும் எண் ஒன்று உண்டு. 133 டெஸ்டில் அவர் வீசிய பந்துகள் 44,039. அதாவது ஒரு டெஸ்டுக்குச் சராசரி 55 ஓவர். சாதாரணமாக இரண்டு பந்துவீச்சாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற வேலையை ஒரே ஆள் செய்திருக்கிறார், அதுவும் விக்கெட்டுக்கு 22.72 ஓட்டம் என்ற விலையில். 1998இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 59.3 ஓவர், இரண்டாவதில் 54.2 ஓவர். விக்கெட் 7, பிறகு 9. நாணயச் சுழற்சியில் வென்ற அர்ஜுன ரணதுங்க இங்கிலாந்தை முதலில் ஆடச் சொன்னதற்கு, இரண்டு இன்னிங்ஸுக்கும் நடுவே முரளிக்கு ஓய்வு கிடைக்கவேண்டும் என்பதும் ஒரு காரணமாகப் பின்னர் சொல்லப்பட்டது. அந்த ஓய்வு நேரத்தில்தான் சனத் ஜயசூரிய 213, அரவிந்த டி சில்வா 152.

ஒரு இடத்தில் இரண்டு பந்துவீச்சாளர்கள் இருந்தால் ஒரு இடம் காலியாகிறது. அந்தக் காலி இடத்தில்தான் இலங்கை கூடுதல் துடுப்பாட்ட வீரரை வைத்துக்கொண்டது. அதோடு ஜயசூரிய. அவரை ஆரம்பத் துடுப்பாட்ட வீரர் என்றுதான் நினைவு வைத்திருக்கிறோம். ஆனால் இடதுகைச் சுழலால் டெஸ்டில் 98 விக்கெட் எடுத்திருக்கிறார். சும்மா கையைச் சுழற்றுகிறவருக்கு அவ்வளவு கிடைக்காது. கீழே சமிந்த வாஸ்: 355 விக்கெட், கூடவே 3,000க்கும் மேற்பட்ட ஓட்டங்கள். ஆகவே காகிதத்தில் பந்துவீச்சு மெலிந்தது போலத் தெரிந்த அந்த அணி உண்மையில் ஐந்தாறு பேருடைய பந்துவீச்சைக் கையில் வைத்திருந்தது. முரளியின் சொந்தத் துடுப்பாட்டச் சராசரி 11 சொச்சம்தான். கடைசியில் வந்து கண்ணை மூடிக்கொண்டு சுழற்றிவிட்டுப் போவார். அது யாரையும் உறுத்தவில்லை.

2010 ஜூலையில் காலியில் 800வது விக்கெட்டோடு அவர் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு இலங்கை அடுத்த டெஸ்டை வென்றது எப்போது தெரியுமா? 2011 டிசம்பரில், டர்பனில். சங்கக்காரவும் மஹேலவும் இருந்தார்கள். ஓட்டம் எடுக்க ஆள் இல்லாமல் போகவில்லை. 55 ஓவரும் 6 விக்கெட்டும் போய்விட்டன. முரளியோடு பொருந்திய அணி அமைப்பு முரளி இல்லாமல் பொருந்தவில்லை. டர்பன் வெற்றியில் 9 விக்கெட் எடுத்த ரங்கன ஹேரத் பிறகு அந்தப் பாரத்தைத் தூக்கத் தொடங்கி, 433 விக்கெட்டில் முடித்தார்.

சகலதுறை வீரர் என்ற மயக்கம்

ஆறாவது துடுப்பாட்ட வீரரும் ஐந்தாவது பந்துவீச்சாளரும் ஒரே ஆளாக இருந்துவிட்டால் சண்டையே இல்லை. அப்படிப்பட்டவரைத்தான் எல்லா நாடும் தேடுகிறது. பழைய அளவுகோல் ஒன்று உண்டு: துடுப்பாட்டச் சராசரி பந்துவீச்சுச் சராசரியைவிட, அதாவது ஒரு விக்கெட்டுக்குக் கொடுக்கும் ஓட்டத்தைவிட, கூடுதலாக இருக்கவேண்டும். கார்ஃபீல்ட் சோபர்ஸுக்கு 57.78க்கு 34.03. இம்ரான் கானுக்கு 37.69க்கு 22.81. ஜக் கலிஸுக்கு 55.37க்கு 32.65. இந்த வரிசையில் நூறு பேர் கிடைக்க மாட்டார்கள்.

கிடைக்காதபோது தேர்வாளர்கள் செய்வது என்னவென்றால், கொஞ்சம் அடிப்பார், கொஞ்சம் போடுவார் என்ற ஒருவரை அந்த இடத்தில் வைத்துவிடுவது. ஒருநாள் போட்டியில் அவர் தங்கம். டெஸ்டில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஓட்டை. இதைச் சோதிக்க எளிய வழி: இவர் பந்தே வீசமாட்டார் என்றால் துடுப்பாட்டத்துக்காக மட்டும் எடுப்போமா? துடுப்பையே தொடமாட்டார் என்றால் பந்துவீச்சுக்காக மட்டும் எடுப்போமா? ஒன்றுக்காவது "ஆமாம்" வரவேண்டும். இரண்டுக்கும் இழுத்து இழுத்துப் பதில் சொன்னால் அவரை விட்டுவிட்டு, முழுத் துடுப்பாட்ட வீரரையோ முழுப் பந்துவீச்சாளரையோ எடுப்பது நல்லது.

அஞ்சலோ மெத்யூஸின் கதையையும் இங்கே சொல்லவேண்டும். அவர் பந்துவீசிய காலத்தில் இலங்கைக்கு வேகப்பந்துப் பக்கம் ஒரு மேலதிகக் கை இருந்தது. காயங்களால் அவர் பந்துவீச்சைக் குறைத்து நிறுத்தியபோது ஓட்டம் குறையவில்லை, பெயர் அதே இடத்தில்தான் இருந்தது. ஆனாலும் அணியில் ஒரு ஆள் குறைந்தது போல ஆகிவிட்டது. ஒரு வீரரின் முழங்காலோ தொடையோ மற்ற பத்துப் பேரின் தேர்வையும் மாற்றிவிடும்.

விக்கெட் காப்பாளரும் ஒருவகையில் இரட்டை வேலைக்காரர்தான். அடம் கில்கிறிஸ்ட் ஏழாம் இடத்தில் 47.60 சராசரி வைத்திருந்ததால் அவுஸ்திரேலியா நான்கு பந்துவீச்சாளர்களோடு நிம்மதியாக ஆடியது. நம் பக்கம் முடிவு வேறு மாதிரி. கண்டி டிரினிட்டி கல்லூரியின் குமார் சங்கக்கார கையுறை போட்ட டெஸ்டுகளில் சராசரி 40 அளவில். கையுறையைக் கழற்றிவிட்டுத் துடுப்பாட்ட வீரராக மட்டும் ஆடியவற்றில் 66க்கு மேல். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்துவிட்டு, அரை மணி நேரத்தில் மூன்றாம் இலக்கத்தில் இறங்குவது சும்மாவா? பிரசன்ன ஜயவர்தன காப்பாளராக வந்தது வெளிப்பார்வைக்கு ஒரு துடுப்பாட்ட வீரரின் இடத்தை விழுங்கியது. விளைவு, சங்கக்கார இரண்டு வீரர்கள் அளவுக்கு ஓட்டம் எடுத்தார். முரளியின் பந்துக்குப் பின்னால் நிற்கத் தெரிந்த காப்பாளர் கிடைத்தது தனி லாபம்.

ஆடுகளமும் மழையும்

முன்னே சொன்ன 2021 பங்களாதேஷ் டெஸ்டுக்குச் சில நாட்கள் கழித்து, அதே பல்லேகலயில் இரண்டாவது டெஸ்ட் நடந்தது. மைதானம் ஒன்று, ஆடுகளம் வேறு. இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் பிரவீன் ஜயவிக்ரம முதன்முதலாக டெஸ்ட் ஆட வந்து 11 விக்கெட் எடுத்தார். இலங்கைக்கு 209 ஓட்ட வெற்றி. முதல் டெஸ்டில் எடுத்த அணியையே அப்படியே இறக்கியிருந்தால் அந்த 11 விக்கெட் எங்கிருந்து வந்திருக்கும்? அணியின் சமநிலை வருடத்துக்கு ஒருமுறை தீர்மானிக்கும் விஷயம் இல்லை என்பது இதில் தெரியும்.

கண்டிப் பக்கத்து வானிலையும் கணக்கில் உண்டு. நவம்பர், டிசம்பரில் பின்னேரம் இருட்டிக்கொண்டு வந்தால் அன்றைய ஆட்டம் அவ்வளவுதான். பல்லேகலயின் முதல் டெஸ்டே, 2010 டிசம்பரில் மேற்கிந்தியத் தீவுகளுடன், மழையில்தான் கரைந்தது. மழை நாளைத் தின்னத் தின்ன 20 விக்கெட்டுக்கான நேரம் சுருங்குகிறது. அப்போது ஓட்டம் காக்கும் ஏழாவது துடுப்பாட்ட வீரரால் தோல்வியைத் தவிர்க்கலாம்; வெல்ல நினைக்கும் அணிக்கு அவர் உதவமாட்டார். தொடரில் 1–0 என்று முன்னால் இருந்து கடைசி டெஸ்டில் தோற்காமல் இருந்தாலே போதும் என்றால், ஏழாவது ஆளை எடுப்பதில் தப்பில்லை. அதை நான் மறுக்க மாட்டேன்.

2018 நவம்பரில் இங்கிலாந்து பல்லேகலயில் டெஸ்ட் ஆட வந்தபோது செய்ததுதான் எனக்குப் பிடித்த பாடம். ஜேக் லீச், மொயீன் அலி, ஆதில் ரஷீத் என்று மூன்று சுழற்பந்து வீச்சாளர்கள், அண்டர்சன், சாம் கரன், அவர்களுக்கும் மேலே ஸ்டோக்ஸ். ஆறு பேர் பந்துவீசலாம். துடுப்பாட்டம் மெலிந்ததா? மொயீனும் ஸ்டோக்ஸும் டெஸ்டில் சதம் அடித்தவர்கள். ஒன்பதாவதாக இறங்கும் ரஷீத் கூட முதல்தரப் போட்டிகளில் சதங்கள் அடித்தவர். அந்த டெஸ்டில் விழுந்த 40 விக்கெட்டில் 38 சுழற்பந்துக்கு, அது டெஸ்ட் சாதனை. அப்படியான ஆடுகளத்தில் கரன் என்ற இடதுகை வேகப்பந்து வீச்சாளர் எதற்கு என்று கேட்கத் தோன்றும். எட்டாம் இலக்கத்தில் வந்து 64 ஓட்டம் எடுத்தார். கடைசி ஆள் அண்டர்சனோடு சேர்ந்து 60 ஓட்ட இணைப்பாட்டம். இலங்கை தோற்றது 57 ஓட்டங்களால்.

ஆக, கீழ்வரிசையில் அடிக்கத் தெரிந்த பந்துவீச்சாளர்கள் இருந்தால் ஆறாவது துடுப்பாட்ட வீரரை விடும் தைரியம் வருகிறது. 8, 9, 10ஆம் இலக்கங்களில் ஆளுக்கு 20 ஓட்டம் என்றால் ஒரு இன்னிங்ஸுக்கு 60. ஒரு நல்ல துடுப்பாட்ட வீரரின் சராசரியே அவ்வளவு இல்லை. ஆனால் 20 ஓட்டத்துக்கு ஆசைப்பட்டு அடிக்கத் தெரிந்த சுமாரான பந்துவீச்சாளரை எடுத்து, அடிக்கத் தெரியாத சிறந்தவரை வெளியே விடுவது மறுபடியும் பழைய வியாதிதான். முரளியை அந்தக் கணக்கில் வெளியே வைத்திருப்போமா?

நான்கு பேரோடு போவதில் இன்னொரு ஆபத்து காயம். 2016இல் பல்லேகலயில் அவுஸ்திரேலியாவின் சுழற்பந்து வீச்சாளர் ஸ்டீவ் ஓகீஃப் இரண்டாவது இன்னிங்ஸின் நடுவில் தொடைத் தசையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். குசல் மெண்டிஸ் 176 எடுத்த அந்த இன்னிங்ஸை மிச்சமிருந்தவர்களே வீசி முடிக்கவேண்டி வந்தது. பிறகு அதே ஓகீஃப் நொண்டிக்கொண்டே துடுப்போடு வந்து, பீட்டர் நெவிலுடன் சேர்ந்து 178 பந்துகள் நின்றார். இருவரும் சேர்த்தது 4 ஓட்டம். இலங்கை 106 ஓட்டங்களால் வென்றது. அன்றிருந்த விதிப்படி, காயம்பட்டவருக்குப் பதிலாக வருபவர் களத்தடுப்பில் நிற்கலாம், பந்துவீச முடியாது.

அடுத்த தடவை பதினொருவர் பட்டியல் வரும்போது கீழிருந்து மேலே வாசித்துப் பாருங்கள். விக்கெட் எடுப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் எட்டாம் இலக்கத்தில் நிற்கக் கூடியவர் யார், மேல்வரிசையில் 10 ஓவராவது வீசக் கூடியவர் இருக்கிறாரா, காப்பாளரின் சராசரி என்ன? ஆரம்ப வீரர் யார் என்ற சர்ச்சை அதற்குப் பிறகு வரட்டும். இன்னொன்று: டெஸ்டில் அணித்தலைவர்கள் நாணயத்தைச் சுண்டுவதற்கு முன்னரே பதினொரு பெயரையும் எழுதிக் கொடுத்துவிடவேண்டும். முதலில் பந்துவீசுவோமா, நான்காவது இன்னிங்ஸில் வெடித்துப்போன ஆடுகளத்தில் வீசுவோமா என்று தெரியாமலேயே மூன்றாவது சுழற்பந்து வீச்சாளரை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தாகவேண்டும்.